மூன்று சிலிண்டர் சந்தோஷம்

தில்லியில் டிசம்பர் மாதக் காலை ஆறரை மணி. முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பில் பனிமூட்டம் இரண்டாவது மாடிவரை ஏறியிருக்கும். எதிர் பிளாக் தெரியாது. 1990களில் அங்கே வசித்தவர்களை அந்த நேரத்தில் எழுப்பியது சேவலும் அல்ல, கோயில் மணியும் அல்ல. கீழே யாரோ ஒருவர் மாருதி 800ன் சோக்கை இழுத்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பும் சத்தம். இன்ஜின் இருமும். நிற்கும். மறுபடி இருமும். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொள்ளும். உடனே கிளம்பிவிட மாட்டார்கள். அணைத்த குழந்தை தூங்கும்வரை காத்திருக்கும் தாயைப் போல, இன்ஜின் சூடேறும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஐந்து நிமிடம் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைப்பதில் போகும். பெரும்பாலும் அது தேவையில்லாத துடைப்பு. சொந்தக் காரைத் தொட்டுப் பார்க்க ஒரு சாக்கு.

இந்தச் சின்ன சந்தோஷத்தைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசு வேலை கிடைத்து, டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்த தமிழர்கள் தெற்கு தில்லியில் ராமகிருஷ்ணபுரத்திலும் முனிர்காவிலும் திரளாகக் குடியேறினார்கள். அலுவலகம் போக 615ஆம் எண் பஸ். அதில் படிக்கட்டில் இடம் கிடைத்தால் நல்ல நாள். கொஞ்சம் வசதி வந்தால் ஸ்கூட்டர். பஜாஜ் சேதக்குக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு நான்கு பேர் குடும்பம் அதில்தான் போகும். மூத்த பிள்ளை முன்னால் நிற்கும். இளையது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே நசுங்கும். அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து, சேலைத் தலைப்பையும் அர்ச்சனைக் கூடையையும் ஒரே கையில் பிடித்திருப்பார். குளிர்காலத்தில் அப்பாவின் ஸ்வெட்டருக்குள் மடித்த செய்தித்தாள் இருக்கும். நெஞ்சில் காற்று அடிக்காமல் இருக்க தில்லிக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. படித்து முடித்த பேப்பருக்கு அதைவிட நல்ல உபயோகம் இல்லை.

கார் என்பது அப்போது வேறு சாதியைச் சேர்ந்த பொருள். அம்பாசிடர் என்றால் அமைச்சர், அல்லது அமைச்சருக்கு வேண்டியவர். பியட் என்றால் டாக்டர், வக்கீல். இரண்டுமே அயல்நாட்டில் பழசாகிப்போன மாடல்கள். இரண்டிலும் கியர் ஸ்டீயரிங்கின் கழுத்தில் இருக்கும். அதைப் போட்டு எடுக்கத் தோள்பலம் வேண்டும்.

இந்த நிலையை மாற்றிய காரின் கதை அரசியலில் தொடங்கி அரசியலைத் தாண்டி வந்த கதை. மக்கள் கார் தயாரிப்பேன் என்று கிளம்பிய சஞ்சய் காந்தி, குர்காவ்னில் நிலத்தையும் சர்ச்சையையும் சேர்த்தார், கார் வரவில்லை. 1980 ஜூனில் விமான விபத்தில் அவர் இறந்தார். அதே ஆண்டு அந்த நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1981ல் மாருதி உத்யோக் பிறந்தது. அதைக் கட்டி எழுப்பும் பொறுப்பு தஞ்சைப் பகுதியில் பிறந்து, பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்த வி. கிருஷ்ணமூர்த்தியிடம் வந்தது. கூட்டாளி தேடி அவர்கள் ஏறி இறங்கிய கம்பெனிகள் பல. கடைசியில் 1982ல் கைகொடுத்தது ஜப்பானின் சுசுகி. உலகின் பெரிய கார் கம்பெனிகளின் வரிசையில் அப்போது அதற்குப் பெரிய இடம் இல்லை. ஆனால் சின்னதாகச் செய்வது எப்படி என்று அதற்குத் தெரியும். தில்லிக்கு அதுதான் தேவைப்பட்டது.

1983ல் பதிவு தொடங்கியபோது ரூ.10,000 முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்றார்கள். அதுவரை யாரும் கண்ணால் காணாத கார் அது. அந்த ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி, சஞ்சய் காந்தியின் பிறந்த நாளன்று, முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஒரு தில்லிக்காரரின் கையில் கொடுத்தார். பெயர் ஹர்பால் சிங். இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். வீடு கிரீன் பார்க்கில், முனிர்காவிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்தது. தன்னிடம் இருந்த பியட்டை விற்றுவிட்டு இதை வாங்கினார். விலை ரூ.47,500. பதிவு எண் டி.ஐ.ஏ. 6479. அமைச்சருக்கோ ஆலை முதலாளிக்கோ போகாமல், மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு முதல் சாவி போனது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அது நல்ல சகுனம்.

முனிர்காவுக்கு அது வந்து சேரப் பத்து வருடம் பிடித்தது. எந்த பிளாக்கிலும் காணக்கூடிய ஒரு தமிழ்த் தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். கணவர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். மனைவி பள்ளி ஆசிரியை. 1994ல் அலுவலகத்தில் வாங்கிய கார் அட்வான்ஸ், பி.எப்.பில் எடுத்த கடன், சீட்டுப் பணம், இரண்டு வளையல். எல்லாம் சேர்ந்து வெள்ளை நிறத்தில் ஒரு மாருதி ஆனது. வந்த அன்று மாலை மலை மந்திர் வாசலில் நான்கு எலுமிச்சம்பழமும் சக்கரத்தின் அடியில் நசுங்கின. குருக்கள் ஸ்டீயரிங்கில் சந்தனம் வைத்தார். ஊருக்கு எழுதிய கடிதத்தில் நலம் நலமறிய ஆவலுக்கு அடுத்த வரியிலேயே கார் வந்துவிட்டது. சீட்டின் பிளாஸ்டிக் உறையை இரண்டு வருடம் கழற்றவில்லை. மே மாதத்தில் அது தொடையில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. அப்படியும் கழற்றவில்லை.

என்ன இருந்தது அந்த வண்டியில்? கணக்குப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மூன்று சிலிண்டர். 796 சி.சி. பன்னிரண்டு அங்குலச் சக்கரம். நான்கு கியர். பின்னால் ஒரு சூட்கேஸ் வைத்தால் நிறைந்துவிடும் டிக்கி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வரும் மாமனார் மாமியாரை அழைத்துவரப் போனால் முறுக்கு டின் மாமியார் மடியில்தான் வரும். கதவைச் சாத்தினால் அம்பாசிடரின் கம்பீரமான 'தொம்' கேட்காது. தகர டப்பாவை மூடிய சத்தம்தான். கேலி செய்தவர்கள் அதைத் தீப்பெட்டி என்றார்கள்.

ஆனால் ஓட்டியவர்களுக்கு விஷயம் தெரியும். அம்பாசிடரைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் குட்டை. அகலம் வெறும் 1.44 மீட்டர். திரும்புவதற்கு வேண்டிய ஆரம் 4.4 மீட்டர். இந்த எண்களுக்கு முனிர்காவின் சந்துகளில்தான் உண்மையான அர்த்தம். ஒரு பக்கம் காய்கறித் தள்ளுவண்டி, மறு பக்கம் படுத்திருக்கும் எருமை, நடுவில் கிடைக்கும் இடைவெளி. பெரிய கார் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். மாருதி, திருவிழாக் கூட்டத்தில் அத்தையின் கையை விட்டுவிட்டு ஓடும் சிறுவனைப் போல நுழைந்து வெளியேறிவிடும். கிளச் கால் நுனிக்குக் கட்டுப்படும். கியர் இரண்டு விரலில் விழும். வண்டியின் நான்கு மூலைகளும் எங்கே இருக்கின்றன என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். வண்டி ஓட்டுகிறோம் என்ற உணர்வே போய், நாமே கொஞ்சம் அகலமாகி நடக்கிறோம் என்ற உணர்வு வரும். வேகத்தில் கிடைக்கும் பரவசம் வேறு. இது ஒரு பொருள் உடம்புக்குப் பொருந்திவிடுகிற நிம்மதி. நன்றாகத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டவருக்குத் தெரியும்.

அந்த நிம்மதியில் அதிகப் பங்கு பெண்களுக்குக் கிடைத்தது. ஆசிரியை காரோட்டக் கற்றுக்கொண்டபோது வயது முப்பத்தெட்டு. ஞாயிறு காலைகளில் ஜே.என்.யு. வளாகத்தின் ஆளில்லாத சாலைகளில் பயிற்சி. பக்கத்தில் உட்கார்ந்த கணவர், தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். "மெதுவா, மெதுவா" என்பார். "மெதுவாத்தாங்க போறேன். நீங்க கத்தறதுதான் வேகமா இருக்கு" என்பார் மனைவி. மூன்றாவது மாதம் அவர் தனியாக அவுட்டர் ரிங் ரோடில் ஏறினார். அதுவரை மாலை ஏழு மணிக்கு மேல் தில்லிப் பஸ்ஸில் பயணம் செய்வது என்றால் கையில் சேப்டி பின் வைத்துக்கொள்ளும் காலம். இடிப்பவனைக் குத்த. கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு தகர டப்பா அவருக்கு என்ன கொடுத்தது என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. மாலைக் கச்சேரிக்குப் போய்விட்டுத் துக்கடா முடியும்வரை இருந்து வர முடிந்தது. அவசரத்துக்கு அண்டை வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக முடிந்தது. பிறகு இரவு பத்து மணிக்கு மே மாத வெயில் தணியாத வீட்டிலிருந்து நால்வரும் கிளம்பி, இந்தியா கேட்டில் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, எங்கும் போகாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப முடிந்தது. எங்கும் போகாமல் போய்வருவது: ஸ்கூட்டர்காரருக்கும் பஸ்காரருக்கும் கிடைக்காத ஆடம்பரம் இதுதான்.

சந்தோஷத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒருவருக்குக் கிடைத்தால் எல்லோரும் கேட்பார்கள். கேட்டதில் தவறும் இல்லை. 1998ல் மாட்டிஸ், சான்ட்ரோ, இண்டிகா என்று மூன்று போட்டியாளர்கள் ஒரே ஆண்டில் வந்தார்கள். அதில் சான்ட்ரோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பிறந்து வடக்கே வந்தது. வங்கிகள் கடனைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வந்தன. முனிர்கா பிளாட்டுகளைக் கட்டியவர்கள் அங்கே குடியிருப்பவர் ஸ்கூட்டர் வைத்திருப்பார் என்ற கணக்கில் கட்டியிருந்தார்கள். அந்தக் கணக்கு உடைந்தது. முதலில் மரத்தடி போனது. பிறகு பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய இடம். பிறகு நடைபாதை. இடத்தைப் பிடித்துவைக்க செங்கல், பூந்தொட்டி, உடைந்த நாற்காலி. பதினைந்து வருடம் பொங்கலுக்கும் ஹோலிக்கும் பலகாரம் பரிமாறிக்கொண்ட குடும்பங்கள் மூன்று மீட்டர் தார்ச்சாலைக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டன. கிடைத்த இடத்தை விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே காரை எடுக்காமல் ஆட்டோவில் போனவர்கள் உண்டு.

காரை ஜப்பானிடமிருந்து வாங்கிய நாம் காரோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய ஒன்றை வாங்க மறந்தோம். அங்கே பெருநகரங்களில் வண்டி நிறுத்தச் சொந்த இடம் இருப்பதாகச் சான்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். 1962லிருந்து இருக்கும் சட்டம். நீளம், அகலம், இன்ஜின் கொள்ளளவு எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு விதித்து, அந்த வரம்புக்குள் அடங்கும் குட்டிக் கார்களுக்கு வரியில் சலுகை தருகிறார்கள். சின்னதாக இருப்பதற்குப் பரிசு. அந்தப் பள்ளியில் படித்து வந்ததால்தான் சுசுகிக்கு மாருதி 800ஐச் செய்யத் தெரிந்தது.

இங்கே சின்னது என்ற சொல் மெல்ல மெல்ல மதிப்பிழந்தது. 2009ல் சாலைக்கு வந்த டாடா நானோ ஒரு லட்ச ரூபாய் கார் என்று உலகமெங்கும் பேசப்பட்டது. அந்தப் பேச்சே அதற்கு எமனாயிற்று. மலிவான காரை வாங்கியவர் என்று அறியப்பட யாருக்கும் விருப்பமில்லை. பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. மாருதி 800ஐ 2010 ஏப்ரலில் தில்லி உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பதை நிறுத்தினார்கள். புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப அந்த இன்ஜினை மாற்ற வேண்டாம் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதற்குள் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களின் வாசலில் அது நின்றிருந்தது. இன்று நாட்டில் விற்கும் புதிய பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் உயரமும் அகலமுமான எஸ்.யு.வி. வகை. 2025 செப்டம்பரில் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. விலை குறைந்தால் மட்டும் போதுமா, விருப்பமும் திரும்ப வேண்டுமே. சாலை அகலவில்லை. சந்து அகலவில்லை. குடும்பம் நான்கிலிருந்து மூன்றாகிவிட்டது. கார் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

முனிர்காத் தம்பதியின் வெள்ளை மாருதிக்குச் சோதனை வேறு ரூபத்தில் வந்தது. பதினைந்து வருடத்தைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாருதிக்கு அப்போதே இருபது வயது. மைலேஜ் குறையவில்லை. பாடி துருப்பிடிக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மலை மந்திருக்கும் கடைவீதிக்கும் போய்வரும் வண்டி. "வண்டிக்கு வயசாயிடுச்சாம். நமக்கு ஆகலையா?" என்று கேட்டார் மனைவி. கணவரிடம் பதில் இல்லை. ஏனென்றால் அதே வீட்டில், நவம்பர் மாதத்தில் பேரனுக்கு மூச்சிரைப்பு வந்து, நெபுலைசர் வாங்கி வைத்திருந்தார்கள். அவர்களுடைய வண்டியில் புகையை வடிகட்டும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. 1995 ஏப்ரலில்தான் தில்லி உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. ஒரு வருடம் முன்னால் வாங்கிவிட்டார்கள்.

இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வயதை மட்டும் பார்த்துத் தண்டிப்பது சரியா, புகையை அளந்து பார்க்க வேண்டாமா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. தில்லியில் வயது முடிந்த வாகனங்கள் 60 லட்சத்துக்கும் மேல் என்றது அரசின் கணக்கு. அதில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள். 2025 ஜூலை முதல் தேதி அவற்றுக்குப் பெட்ரோல் தரக்கூடாது என்று தடை வந்து சில நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பி.எஸ்.4 தரத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு விலக்கிக்கொண்டது. வாரத்தில் இரு முறை ஓடும் ஒரு கிழட்டு மாருதியையும், தினமும் அறுபது கிலோமீட்டர் தனி ஆளைச் சுமந்து ஓடும் இரண்டு டன் புத்தம்புது வண்டியையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது? அதே சமயம், ஆயிரம் பேர் ஆயிரம் நியாயம் சொன்னால் நவம்பர் மாதக் காற்று யாருடைய நியாயத்தைக் கேட்டுச் சுத்தமாகும்?

தம்பதி அடுத்த ஆண்டே ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் வாங்கி, லாரியில் ஏற்றி, கும்பகோணத்தில் இருக்கும் மனைவியின் தம்பிக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி கட்டித் தகுதிச் சான்று வாங்கினால் ஐந்தைந்து வருடமாகப் பதிவை நீட்டிக்கலாம். தில்லியில் செத்துப்போன கார் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உயிர் பெற்றது. புகை மட்டும் ஊர் மாறிய கணக்கு இது என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. அவர்களும் மறுக்கவில்லை. காயலான் கடையில் அதை நசுக்குவதைப் பார்க்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். லாரி கிளம்பிய பிறகு காலியான இடத்தில் பத்து நிமிடத்துக்குள் வேறொரு கார் வந்து நின்றது. பெரிய கார். பாதி அவர்கள் இடத்திலும் பாதி பக்கத்து இடத்திலுமாக.

எல்லோருக்கும் கும்பகோணத்தில் தம்பி கிடையாது. முனிர்காவின் பின்புறச் சந்துகளில் காற்றிறங்கிய டயரோடு நிற்கும் மாருதிகளின் மீது பாகற்கொடி ஏறியிருப்பதைப் பார்க்கலாம். படரக் கொம்பில்லாத முல்லைக்குப் பாரி தேரைக் கொடுத்தான். தில்லியில் பாரிகள் பெருகிவிட்டார்கள், விருப்பப்பட்டு அல்ல.

முதல் சாவியை வாங்கிய ஹர்பால் சிங் 2010ல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் அந்த ஒரே காரை வைத்திருந்தார். பணம் வந்தது, புது மாடல்கள் வந்தன, மாற்றவில்லை. அவருக்குப் பிறகு அது கிரீன் பார்க் வீட்டின் வெளியே வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு கம்பெனியே எடுத்துச் சென்று, உதிரிபாகம் தேடிப் பிடித்துப் புதுப்பித்து, 2022ல் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. அந்தத் தலைமையகம் இருப்பது நெல்சன் மண்டேலா சாலையில். முனிர்காவிலிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் கொஞ்சம் காலை வீசி நடக்கும் தூரம்.

2018 மே மாதத்திலிருந்து முனிர்காவில் மெட்ரோ நிற்கிறது. முழங்கால் வலியோடு படியேற வேண்டாம், லிப்ட் இருக்கிறது. கணவர் அதில் போய்வரப் பழகிக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். மனைவிக்கு மட்டும் ஒரு பழக்கம் விடவில்லை. டிசம்பர் மாதக் காலையில் பால் வாங்கக் கீழே இறங்கும்போது, எங்கேயாவது ஒரு இன்ஜின் இருமினால், நின்று கேட்கிறார். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டதா என்று தெரிந்த பிறகுதான் நடக்கிறார்.